மேசைமேல் கிடந்த கிளட்ச்

“கையை எடுங்க! மின்னியக்கா, அந்த அட்டையிலேர்ந்து கையை எடுங்கன்னு சொல்றேன்!”

விர்ஜில் இப்படிக் கத்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. தபால் நிலைய ஜன்னலுக்குப் பின்னால் நின்று ஊருக்கே பொட்டலம் எடுத்துக் கொடுக்கிற மனிதர். அதட்டிப் பேசத் தெரியாதவர் என்று பெயர் வாங்கியவர். அவர் போட்ட சத்தத்தில் சமையலறையில் நின்ற பெண்கள் வேலையை விட்டுத் திரும்பினார்கள்.

மின்னி அசரவில்லை. விர்ஜிலின் செத்துப்போன மனைவி லுவெல்லாவின் அக்கா அவள். கரிபூ மான்கறி சூப் நிறைந்த சட்டியை ஒரு கையில் தாங்கிக்கொண்டு, மேசைமேல் விரித்திருந்த அட்டையை மறு கையால் இழுக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

“சூப்பை எங்க வைக்கச் சொல்றே தம்பி? என் தலையிலயா? ஊரே சாப்பாடு தூக்கிட்டு வருது. எழவு வீட்டு மேசையில போய் இரும்பைப் பரப்பி வச்சிருக்கே.”

“நான் பரப்பல. அவ பரப்பினது.”

மின்னி சூப் சட்டியைத் தரையில் வைத்தாள். மீன் கொண்டுவந்தவள் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் வைத்தாள். கேக் கொண்டுவந்தவள் வைக்க இடமில்லாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

முந்தின நாள் மதியம் லுவெல்லா இந்த மேசையில்தான் இருந்தாள். அவளுடைய நீலப் பனிவண்டியின் கிளட்சை, இன்ஜின் வேகத்தைப் பெல்ட்டுக்குக் கடத்துகிற பாகத்தை, கழற்றி, பாகம் பாகமாக அட்டைமேல் வரிசை வைத்திருந்தாள். உள்ளே ஆடுகிற எடைகள் மூன்று. மூன்றுக்கும் ஊசி தேய்ந்துபோயிருந்தது. இரண்டுக்குப் புது ஊசி போட்டு முடித்தாள். மூன்றாவதைக் கையில் எடுத்தவள், “என்னமோ பண்ணுது விர்ஜில்” என்றாள். என்ன பண்ணுது என்று கேட்க அவர் எழுவதற்குள் தலை மேசைமேல் சாய்ந்துவிட்டது. சுகாதார நிலையத்துப் பெண் பூட்ஸ்கூடக் கட்டாமல் ஓடி வந்தாள். வந்து பலனில்லை. முன்பே பழுதான இதயம்.

இப்போது லுவெல்லா தேவாலயத்தில் கிடந்தாள். பள்ளிக்கூடப் பட்டறையில் ஆண்கள் ஒட்டுப்பலகை அறுத்துச் சவப்பெட்டி செய்துகொண்டிருந்தார்கள். இன்னொரு கூட்டம் கல்லறைமேட்டில் உறைந்த மண்ணைக் கடப்பாரையால் இடித்துக்கொண்டிருந்தது. அடக்கம் நாளை மதியம்.

இம்னாவியாக் என்கிற அந்தப் பனி ஊரில் ஒரு வழக்கம். இறந்தவரை அவரவர் பனிவண்டிதான் கல்லறைமேட்டுக்கு இழுத்துப் போகும். பின்னால் கட்டிய, பனியில் சறுக்குகிற மர ஸ்லெட்ஜில் பெட்டி, அதற்குப் பின்னால் ஊர். வண்டி ஓடாத நிலையில் இருந்தால் இன்னொருத்தர் வண்டியில் போகலாம், தப்பில்லை. ஆனால் ஊர் வாயை யார் மூடுவது? ஒருத்தர் மைத்துனன் வண்டியில் மேடேறிப் பல வருஷமாகிறது, இன்னும் அவர் பேச்சு வந்தால், “யாரு, இரவல் வண்டியில போனாரே, அவரா?” என்றுதான் கேட்கிறார்கள்.

லுவெல்லாவுக்கு அந்தப் பெயர் வரக் கூடாது. விர்ஜிலுக்கு நேற்றிலிருந்து மனதில் ஓடிய ஒரே எண்ணம் அதுதான். வேறு எதை நினைத்தாலும் நெஞ்சை அடைத்தது. இதை நினைத்தால் மட்டும் மூச்சு விட முடிந்தது.

இத்தனைக்கும் அவர் ஸ்பானர் பிடித்த ஆள் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் நடந்த சண்டை ஒரே சண்டைதான். எது கெட்டாலும் விர்ஜில், “அனுப்பிடலாம்” என்பார். கடிகாரமா, தையல் மெஷினா, அடுப்பா, அழகாகப் பொதிந்து, முகவரி எழுதி, விமானத்தில் ஏற்றிவிடுவார். தெரிந்தவனிடம் கொடுத்துச் செய்வதுதான் அவருக்கு மரியாதை. லுவெல்லா பொட்டலத்தைப் பிரித்துச் சாமானை வெளியே எடுப்பாள். “திறந்தாச்சும் பாப்போமே. திறக்காமலே தோத்துப்போறதா?” என்பாள். திறந்த பாதிச் சாமான்கள் திரும்ப மூடவில்லை என்பது வேறு கதை. அடுப்பு ஒருமுறை கூரைவரை தீ கக்கியது. ஆனால் வண்டி விஷயத்தில் அவளை அடிக்க ஆளில்லை. அவள் வண்டிச் சட்டத்துக்கடியில் படுத்துக்கொண்டு வேலை பார்ப்பாள், இவர் டார்ச் பிடிப்பார். “இந்தப் பக்கம் அடி. என் கண்ணுல அடிக்காதே, மனுஷா!” முப்பது வருஷம் டார்ச் பிடித்த மனிதர். தொட்டதில்லையே தவிர எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. மகள் ரொவீனா வந்துவிட்டாள். காலை விமானத்தில் இறங்கியவளை க்ளிஃபர்ட் தன் பெரிய கறுப்பு வண்டியில் ஏற்றி வந்திருந்தான். லுவெல்லாவின் சித்தப்பா மகன் அவன். நகரத்தில் போய் முறையாகப் படித்து, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி, சூடு வைத்த கொட்டகையில் பட்டறை நடத்துகிறவன். வேலையில் கெட்டிக்காரன், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. லுவெல்லா மட்டும் அந்தப் பட்டறை வாசலைக் கடக்கும்போதெல்லாம் வேண்டுமென்றே வண்டியை முறுக்கிவிட்டுப் போவாள்.

ரொவீனா அப்பாவைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் வெகுநேரம் அப்படியே நின்றார்கள். பிறகு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மேசையைப் பார்த்தாள்.

“அப்பா, நானும் க்ளிஃபர்ட் மாமாவும் வர்ற வழியிலயே பேசிட்டோம். மாமா இதை எடுத்துட்டுப் போய் முடிச்சுத் தந்துடுவாரு.”

“அரை மணி வேலை மச்சான்,” என்றான் க்ளிஃபர்ட், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. “காசு பேச்சே வேண்டாம். அக்காவுக்கு நான் செய்யாம யார் செய்யறது?”

சொல்லிக்கொண்டே அவன் குனிந்து மூன்றாவது எடையைக் கையில் எடுத்தான். விர்ஜில் கையை நீட்டித் தடுத்தார்.

“கீழ வை.”

“மச்சான்...”

“கீழ வை க்ளிஃபர்ட். இருந்த இடத்துல, இருந்த மாதிரி வை.”

க்ளிஃபர்ட் வைத்தான். விர்ஜில் அதை ஒரு நூல் நகர்த்திச் சரிசெய்தார்.

“நானே முடிக்கப் போறேன்,” என்றார்.

கேக்கை மடியில் வைத்திருந்தவள் இருமினாள். மின்னி, “நீயா?” என்றாள். அந்த ஒற்றைச் சொல்லில் அவள் வைத்திருந்த சந்தேகம் ஒரு ஸ்லெட்ஜ் பாரம் இருக்கும்.

“அப்பா!” ரொவீனாவின் குரல் உயர்ந்தது. “உங்களுக்கு பல்பு மாத்தத் தெரியாது. வாழ்நாள் பூரா அனுப்பிடலாம் அனுப்பிடலாம்னீங்க. இன்னிக்கு, ஊர்லயே ஆள் இருக்கும்போது, சும்மா செஞ்சு தர்றேங்கும்போது, உங்களுக்கு என்ன வந்துச்சு? நாளைக்கு அம்மாவை நடுவழியில நிறுத்தி ஊருக்கு வேடிக்கை காட்டப் போறீங்க. பாத்துட்டே இருங்க.”

“அவ ஆரம்பிச்ச வேலை இது. பாதியில இன்னொருத்தன் கை வைக்கறது எனக்குப் பிடிக்கல. அவ்வளவுதான். எனக்குப் பிடிக்கல!”

மகளுக்கு முகம் சிவந்தது. கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. க்ளிஃபர்ட்தான் இடையில் வந்தான். தொழில்காரன் தொழில்காரன்தான். மனம் நொந்தாலும் எச்சரிக்காமல் போக முடியவில்லை.

“ஸ்பிரிங் வெறி பிடிச்சது மச்சான், மூஞ்சியப் பக்கத்துல கொண்டுபோகாதே. மூடியை அடையாளத்துக்கு அடையாளம் வச்சு மூடு. ஒரு பல் தள்ளிப் போனாலும் வண்டி உதறித் தள்ளும். அப்புறம், தூக்கி நிறுத்தி ஓட்டிப் பாத்துட்டு ஓடுதுன்னு நினைக்காதே. பாரம் கட்டி இழுத்துப் பாரு.” வாசலில் திரும்பினான். “என் வண்டி தேவாலயத்து வாசல்ல தயாரா நிக்கும். வேணாம்னா வேணாம். நிக்கும்.”

அடையாளத்துக்குக் குறைவில்லை. மூடியிலும் தட்டிலும் லுவெல்லா தன் நகப்பூச்சால் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தாள். விர்ஜில் கை கழுவிவிட்டு, அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆமாம், அவள் நாற்காலியிலேயே. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூன்றாவது எடையை எடுத்தார். ஊசி நுழைய மறுத்தது. அவள் எப்படிச் செய்வாள்? நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, தட்டாமல், திருகித் திருகி. விர்ஜிலும் நாக்கைக் கடித்துக்கொண்டு திருகினார். சளக்கென்று உள்ளே போனது. விரலால் தட்டினால் எடை ஊஞ்சல் மாதிரி ஆடியது. “போயிடுச்சு!” என்று கத்திவிட்டார். எழவு வீட்டில் இப்படிக் கத்தலாமா என்று பிறகுதான் வெட்கம் வந்தது. ஆனால் சமையலறையில் இருந்த முகங்கள் எல்லாம் அவர் பக்கம் திரும்பியிருந்தன.

“அடுத்தது என்ன?” என்று கேட்டாள் கேக் வைத்திருந்தவள்.

அடுத்தது ஸ்பிரிங். க்ளிஃபர்ட் சொன்னது பொய்யில்லை. மூடியை அழுத்தி முதல் போல்ட்டைப் பிடிப்பதற்குள் மூடி வழுக்கியது. ஸ்பிரிங் துள்ளிப் பறந்து, சுவரில் மோதி, ரொட்டி மாவுப் பாத்திரத்துக்குள் விழுந்தது. ஒரு நிமிஷம் ஒரே கூச்சல். மின்னி மாவிலிருந்து ஸ்பிரிங்கை உருவி, ஆற்றுமீனைப் பிடிப்பதுபோல வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள்.

“இதுக்குத்தான் படிச்சவன் வேணுங்கறது!” என்றாள் ரொவீனா வாசற்படியிலிருந்து.

விர்ஜில் ஸ்பிரிங்கைத் துடைத்தார். இன்னொருமுறை. மூடி பாதிகூட இறங்கவில்லை. லுவெல்லா முழங்கையை ஊன்றி அழுத்திக்கொண்டே மறுகையால் போல்ட் போடுவாள். இவருக்கு அந்த உடம்பு இல்லை. சுற்றும் முற்றும் பார்த்தார். பார்வை மின்னியின் மேல் நின்றது. மின்னி அந்த ஊரிலேயே கனமான பெண்களில் ஒருத்தி, அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் வந்து இதுமேல சாயுங்க.”

“என்னது?”

“சாயுங்கக்கா. மொத்தமா. உங்களால மட்டும்தான் முடியும்.”

மின்னி ஒரு கணம் முறைத்தாள். பிறகு மேலங்கியைக் கழற்றிவிட்டு வந்து, இரண்டு உள்ளங்கையையும் மூடிமேல் வைத்து, தன் உடம்பையெல்லாம் அதன்மேல் இறக்கினாள். மேசை முனகியது. ஸ்பிரிங் முனகியது. மூடி இறங்கியது, சிவப்புக் கோட்டுக்கு நேராகச் சிவப்புக் கோடு!

“விட்டுடாதீங்க! விட்டுடாதீங்கக்கா!”

“நீ சீக்கிரம் போடு! எனக்கு மூச்சு முட்டுது!”

ஒரு போல்ட். எதிரே இன்னொன்று. சுற்றி நின்ற பெண்கள் பிரசவம் பார்ப்பதுபோல ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசிப் போல்ட் பிடித்ததும் மின்னி விலகி, நாற்காலியில் பொத்தென்று விழுந்து, “ஆரிகா!” என்றாள். நல்ல சாப்பாட்டுக்கும் நல்ல செய்திக்கும் அந்த ஊரில் சொல்கிற சொல். எல்லாரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள். விர்ஜில் மூடிய கிளட்சைக் கையில் தூக்கிப் பார்த்தார். பச்சைக் குழந்தை கனம். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. வந்த அழுகையை அவர் மறைக்கவில்லை.

மின்னி எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்தாள்.

“நீ சொன்னதை நான் கேட்டேன்ல. இப்ப நான் சொல்றதை நீ கேளு. நேத்திலேர்ந்து ஒண்ணும் தின்னல. சாப்பிடு.”

மேசை இப்போது காலி. சூப் வந்தது. காய்ந்த மீன் வந்தது. கூடவே ஒரு கிண்ணம் சீல் எண்ணெய், கடல்நாய்க் கொழுப்பு உருகியது. அது இல்லாமல் காய்ந்த மீன் அந்த ஊரில் தொண்டையில் இறங்காது. விர்ஜில் மீனைக் கிழித்து, எண்ணெயில் தோய்த்துத் தோய்த்துத் தின்றார். விரல் வழியே மணிக்கட்டுவரை வழிந்தது. இவ்வளவு பசியா இருந்தது என்று அவருக்கே ஆச்சரியம். தின்று முடித்துக் கையைத் துணியில் நன்றாகத் துடைத்துக்கொண்டார். பிறகு, தபால்காரர் புத்தி, வேலையைச் சுத்தமாக முடிக்காமல் மனம் ஆறாது. அதே துணியால் கிளட்சின் இரண்டு தட்டுகளையும் உள்ளும் புறமும், முகம் தெரியும்வரை அழுத்தித் துடைத்து வைத்தார்.

மறுநாள் காலை வெயில் கண்ணைக் கூசவைத்தது. விர்ஜில் கிளட்சை இன்ஜினில் பொருத்தி, நடுப் போல்ட்டை நெம்புகோல் வைத்து முறுக்கி, பெல்ட்டை மாட்டினார். வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டைமேல் நிறுத்திவிட்டுக் கயிற்றை இழுத்தார். நீல வண்டி இருமிக்கொண்டு உயிர்த்தது. கொஞ்சம் முறுக்கினார். பெல்ட் பிடித்தது. பனியில் உருளுகிற ரப்பர் பட்டை சுழன்றது. உதறலே இல்லை!

“ஓடுது! ரொவீனா, ஓடுதுடி! வந்து பாரு!”

வாசற்படியில் நின்ற ரொவீனா கையைக் கட்டிக்கொண்டே, “பாரம் கட்டி இழுத்துப் பாக்கச் சொன்னாரே மாமா” என்றாள். நேரம் எங்கே இருக்கிறது? தேவாலயத்து மணி அடிக்கத் தொடங்கியிருந்தது.

ஊர் முழுவதும் தேவாலயத்து முன்னால் நின்றது. பாட்டு முடிந்து பெட்டி வெளியே வந்தது. ஸ்லெட்ஜில் ஏற்றிக் கயிறு வரிந்து கட்டினார்கள். வீட்டு ஆள் ஒருத்தர் ஸ்லெட்ஜின் பின்கட்டையில் நிற்க வேண்டும். ரொவீனா ஏறி, பெட்டிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் தள்ளி க்ளிஃபர்டின் கறுப்பு வண்டி, சொன்னபடியே, தயாராக நின்றது. அவன் அதன்மேல் உட்காரவில்லை, மரியாதைக்காகப் பக்கத்தில் நின்றான்.

விர்ஜில் ஏறி உட்கார்ந்து முறுக்கினார்.

இன்ஜின் அலறியது. வண்டி ஒரு முழம் நகர்ந்து நின்றுவிட்டது. இன்னும் முறுக்கினார். அலறல் கூடியதே தவிர வண்டி அசையவில்லை. இன்ஜின் மூடிக்கடியிலிருந்து புகை கிளம்பியது. போச்சு. மானம் போச்சு. அவளுடைய மானம், அதுதான் பெரிசு. ரொவீனா சொன்னது அப்படியே நடந்துவிட்டது, நடுவழிகூட வரவில்லை, வாசலிலேயே.

அப்போது அந்த வாசனை வந்தது.

முதலில் முன்வரிசையில் நின்றவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு பின்வரிசை. போதகர்கூட ஒருமுறை உறிஞ்சினார். சந்தேகமே இல்லை. சுடச்சுடக் காய்ந்த சீல் எண்ணெய்.

“யாரு,” என்றாள் மின்னி, ஊருக்கே கேட்கிற குரலில், “லுவெல்லா உள்ள மீன் வறுக்கறாளா?”

ஸ்லெட்ஜின் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. விர்ஜில் திரும்பிப் பார்த்தார். ரொவீனா பெட்டிமேல் கவிழ்ந்து தோள் குலுங்கிக்கொண்டிருந்தாள். ஐயோ என்று அவர் இறங்கப் போனார். அவள் நிமிர்ந்தாள். சிரிப்பு. அடக்க முடியாத சிரிப்பு, கண்ணில் நீர் வழிய.

“அப்பா... அந்தத் துணியாலயா கிளட்சைத் துடைச்சீங்க? எண்ணெய்க் கை துடைச்ச துணியாலயா? அம்மா இருந்திருந்தா... ஐயோ, அம்மா இருந்திருந்தா உங்களை...”

அவளால் முடிக்க முடியவில்லை. ஊர் முழுவதும் சிரித்தது. கடப்பாரை பிடித்துக் கை காய்த்தவர்கள், பெட்டி செய்தவர்கள், கேக் சுமந்தவள், எல்லாரும். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். விர்ஜிலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எண்ணெய் படவே கூடாத ஒரே இடம் அது, பட்டால் பெல்ட் வழுக்கும், அங்கே போய் ஒரு வேளைச் சாப்பாட்டையே பூசி வைத்திருக்கிறார்!

க்ளிஃபர்ட் மெதுவாகப் பக்கத்தில் வந்தான். அவன் விரல்கள் தானாகவே மடங்கி விரிந்தன. பார்க்கப் பாவமாக இருந்தது.

“மச்சான், நான் வேணும்னா...”

“உன் சட்டைப்பையில டார்ச் இருக்கா?”

“இருக்கு.”

“எடு. மூடிக்குள்ள இருட்டா இருக்கு. பிடி.”

க்ளிஃபர்ட் அவரைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். பிறகு பனியில் மண்டியிட்டு டார்ச்சைப் பிடித்தான்.

விர்ஜில் கருகிய பெல்ட்டை உருவி வீசினார். பெட்ரோலில் தண்ணீர் சேராமலிருக்க ஊற்றுகிற, எண்ணெயையும் கரைக்கிற மருந்துக் குப்பி எல்லார் வண்டியிலும் உண்டு. ஒன்று கேட்டார், ஏழெட்டுக் கைகள் நீண்டன. மின்னி தன் தலைத்துணியை அவிழ்த்துக் கொடுத்தாள். “துவைச்சது. எண்ணெய் இல்ல. மோந்து பாத்துக்க.” மருந்தை ஊற்றித் தட்டுகளைத் துடைத்தார், மறுபடி ஊற்றித் துடைத்தார். துணியை ஒவ்வொரு முறையும் முகர்ந்து பார்த்தார். வாசனை போகும்வரை விடவில்லை. க்ளிஃபர்ட் பிடித்த வெளிச்சம் விரல் போகிற இடமெல்லாம் போனது.

“கண்ணுல அடிக்காதே,” என்றார் விர்ஜில்.

“அடிக்கல மச்சான்.”

இருக்கைக்கடியில் இருந்த மாற்று பெல்ட்டை மாட்டி, மூடியைச் சாத்தி, ஏறி உட்கார்ந்தார். முறுக்கினார்.

வண்டி ஒரு குதி குதித்துப் பிடித்தது. கயிறு விறைத்தது. ஸ்லெட்ஜ் கிறீச்சிட்டு நகர்ந்தது. கூட்டத்திலிருந்து எழுந்த சத்தம் அடக்கத்துக்குப் போகிற கூட்டத்தின் சத்தமாக இல்லை. “போகுது! போகுது!” சிலர் கூடவே ஓடினார்கள். ஆற்றுப் பனியைக் கடந்து, வில்லோப் புதருக்குள் புகுந்து, கல்லறைமேட்டின் சரிவில் நீல வண்டி ஏறியது. மெல்லத்தான் ஏறியது, ஆனால் ஒரு இடத்திலும் திணறவில்லை. பின்னால் ஊரின் வண்டிகள் எல்லாம் வரிசையாக வந்தன. க்ளிஃபர்டின் கறுப்பு வண்டி கடைசியாக வந்தது.

மேட்டில் குழி தயாராக இருந்தது. வெட்டியவர்கள் கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்கள். விர்ஜில் கை முறுக்கைத் தளர்த்த வேண்டிய இடம் வந்தது.

அவர் தளர்த்தவில்லை.

யோசித்துச் செய்ததில்லை அது. மேடேறியது பாதி வேகத்தில். பாதி வேகத்தில் பெல்ட் தட்டுகளின் அடியிலேயே கிடக்கும். முழுதாக முறுக்கினால்தான் எடைகள் மூன்றும் வெளியே வீசும், தட்டுகள் நெருங்கும், பெல்ட் விளிம்புவரை ஏறும். அப்போதுதான் தெரியும் கிளட்ச் சரியா இல்லையா என்று. பழுது பார்த்த அன்று லுவெல்லா வண்டியை நேராக ஏரிக்குத்தான் கொண்டுபோவாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஏரி, கண்ணுக்கெட்டிய தூரம் இன்னும் உடையாத பனிக்கட்டி.

நீல வண்டி குழியைத் தாண்டியது. “விர்ஜில்!” என்று யாரோ கத்தினார்கள். சரிவில் இறங்கியது. ஏரியின் சமதரை தட்டுப்பட்டதும் விர்ஜில் முழுதாக முறுக்கினார். ஒரு நொடி இன்ஜின் அலறல் மட்டும். அடுத்த நொடி சத்தம் மாறியது, அலறல் அடங்கி ஒரே சீரான ரீங்காரமாகி, வண்டி அவரைப் பின்னுக்குத் தள்ளிப் பாய்ந்தது. ஏறிவிட்டது! பெல்ட் விளிம்புக்கு ஏறிவிட்டது! மூன்று எடையும், அவள் போட்ட இரண்டும் அவர் போட்ட ஒன்றும், ஒன்றுபோல வேலை செய்தன. காற்று கண்ணீரைக் காதுவரை இழுத்துப்போனது.

“முறுக்குங்கப்பா!” ரொவீனாவின் குரல் பின்னாலிருந்து கிழித்துக்கொண்டு வந்தது. “இன்னும் முறுக்குங்க! விடாதீங்க!”

ஏரியின் மறுகரை வந்துதான் அவர் கையைத் தளர்த்தினார். வண்டி மெல்ல நின்றது. இன்ஜின் சீராக மூச்சு விட்டது. விர்ஜில் திரும்பிப் பார்த்தார். பெட்டி கட்டியது கட்டியபடி இருந்தது. மூடிமேல் தூள் பனி படிந்திருந்தது. ரொவீனா கையுறையால் அதைத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரை தடவிவிட்டாள்.

தூரத்தில் மேட்டில் ஊர் சின்னதாகத் தெரிந்தது. யாரும் கையை ஆட்டிக் கூப்பிடவில்லை. அவரவர் வண்டிமேல் உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ ஃப்ளாஸ்க்கைத் திறந்திருக்க வேண்டும், ஆவி எழும்பியது.

விர்ஜில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வண்டியை வளைத்தார். ரொவீனா கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். வண்டி மேட்டுப் பக்கம் திரும்பவில்லை, கரையோரமாக ஏரியைச் சுற்றத் தொடங்கியது.